அவையறிந்த நகை

திருக்குறளின் பொருட்பாலில் குறிப்பறிதல், அவையறிதல், அவையஞ்சாமை என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. 71, 72, 73 என்னும் எண்களைப் பெற்ற இவற்றை வகுப்பில் நடத்தும்போது, இவை அமைச்சனுக்கு உரியவை என்று சொல்லி நடத்துகிறோம். அமைச்சியலுள் வைக்கப்பட்டிருத்தலின் அவ்வாறு சொல்வது முறையே. ஆயினும் இக்காலத்தில் இம்மூன்றையும் ஒருசேரக் கற்றே தீரவேண்டிய தொழிலினர் யாவர் என்று வினவினால், ஆசிரியர், வழக்கறிஞர், மேடைப் பேச்சாளர் என்று விடை வரும். அவ்வரிசையில் இன்னொருவரையும் சேர்த்தல் வேண்டும் என்பது என் கருத்து. அவர், கையில் ஓர் ஒலிவாங்கியுடன் மேடையில் தனித்து நின்று மக்களைச் சிரிக்க வைக்கும் நகைச்சுவையாளர்.

இக்கலையை இளைஞர்கள் 'ஸ்டாண்ட் அப் காமெடி' என்கின்றனர். தனியுரை நகைச்சுவை என்று நாம் வழங்கலாம். வேடம் இல்லை, உடன் நடிப்பார் இல்லை, திரையும் காட்சியும் இல்லை. சொல் ஒன்றே கருவி. மலேசியாவில் இக்கலை பெரும்பாலும் ஆங்கிலத்திலும் மலாயிலும் வளர்ந்தது. 2016இல் ஹரித் இஸ்கந்தர், உலகின் மிகச் சிறந்த நகைச்சுவையாளரைத் தேர்ந்தெடுப்பதற்கென நடந்த பன்னாட்டுப் போட்டியில் வென்றார். நம்மவரான கவின் ஜேயின் ஆங்கில நிகழ்ச்சி 2018இல் நெட்பிளிக்ஸ் வழியாக உலகெங்கும் சென்றது. தமிழகத்தில் அலெக்சாண்டர் பாபு திரைப்பாடல்களைப் பாடிக்காட்டி, பேச்சும் இசையும் கலந்து, இதற்குத் தமிழில் ஓர் உருவம் தந்தார். இவர்களைக் கண்டு, கிள்ளான் பள்ளத்தாக்கில் நம் பிள்ளைகள் பலர் இன்று ஒலிவாங்கியைக் கையில் எடுக்கின்றனர்.

'இது வெளியிலிருந்து வந்த கலை, வெறும் கேலிப்பேச்சு, இதற்கும் இலக்கியத்திற்கும் என்ன உறவு?' என்று கேட்கும் ஆசிரியர்களை நான் அறிவேன். வடிவம் வெளியிலிருந்து வந்தது உண்மை. ஆனால் அவையோரோடு நேர்நின்று பேசும் நகை நமக்குப் புதிதன்று. தெருக்கூத்தில் கட்டியக்காரன் அரசனையும் கேலி செய்வான். அடுத்த நொடியில் முன்வரிசையில் தூங்கும் ஊர்ப் பெரியவரையும் கேலி செய்வான். வில்லுப்பாட்டில் 'ஆமா' போடுபவர் அவையின் வாயாகவே அமர்ந்திருக்கிறார். வில்லுப்பாட்டில் பழகிய கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் (1908–1957), 'நல்லதம்பி' (1949) படத்தில் கிந்தனார் கதையைக் காலட்சேபமாக நிகழ்த்தியபோது, அவையோடு உரையாடும் அந்தப் பழைய உத்தியையே கையாண்டார். ஆகவே குடி புதிது, வீடு பழையது.

இக்கலையை எதை வைத்து மதிப்பிடுவது? 'எத்தனை முறை சிரிப்பு எழுந்தது?' என்று எண்ணுவோர் உளர். அந்த அளவுகோல் போதாது என்பதை அண்மையில் கம்போங் மேடானில் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். நிகழ்த்தியவர் வளர்ந்துவரும் இளைஞர். குறை கூறுவதற்கு அன்றிக் கலையை ஆராய்வதற்கே இக்கட்டுரை எழுதப்படுவதால், அவர் பெயர் இங்கு வேண்டா.

கண்ணும் செவியும்

தீபாவளியை ஒட்டிய குடும்ப ஒன்றுகூடல் அது. பல்நோக்கு மண்டபத்தில் நெகிழி நாற்காலிகள். மேலே மின்விசிறிகளின் இரைச்சல். பின்புறம் உணவு மேசை. ஏறத்தாழ நூற்றைம்பது பேர். முதல் இரண்டு வரிசைகளும் வெறுமையாகக் கிடந்தன. நம்மவர் முன்னே அமர மாட்டார்களே! முதியோர் நடுவில் இருந்தனர். இளைஞர்கள் வாயிலருகே நின்றனர். அக்கம்பக்கத்து வீடுகளில் வாழும் மலாய்க் குடும்பத்தார் சிலரும் அழைப்பை ஏற்று வந்திருந்தனர்.

இளைஞர் மேடையேறியதும் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. கீழே இறங்கி வந்து, முதியவர்களைக் கைகூப்பி அழைத்து முன்வரிசையை நிரப்பினார். 'பந்தி விரிக்கும்போது இப்படி உட்காருவீங்களா?' என்று கேட்டார். நாற்காலிகள் நகர்ந்தன. இது வெறும் உபசாரமன்று, தொழிலறிவு. சிரிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது. இடையில் வெற்று நாற்காலிகள் இருப்பின் அத்தொற்று அறுபடும். நாம் தனித்திருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு மிகுதியாகச் சிரிக்கிறோம் என்று அமெரிக்க உளநூலறிஞர் இராபர்ட் புரோவைன் கண்டார். பிரெஞ்சு மெய்யியலாளர் பெர்க்சன் 1900இல் வெளியிட்ட 'சிரிப்பு' என்னும் நூலில், சிரிப்பு எப்போதும் ஒரு குழுவின் சிரிப்பே என்றார். தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியலைத் தொடங்கும்போதே 'பண்ணை' என்னும் சொல்லை ஆள்கிறார். இளம்பூரணர் அதற்கு விளையாட்டு ஆயம் என்று பொருள் கொள்வார். சுவை தனியறையில் பிறப்பதன்று. கூடியிருப்போர் நடுவே பிறப்பது என்பது நம் முன்னோர் கொண்ட அடிப்படை.

குறிப்பறிதலில் வள்ளுவர் கண்ணையே அளவுகோலாகக் கூறி அதிகாரத்தை முடிக்கிறார். முகம் உள்ளத்தைக் காட்டும் பளிங்கு என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தே. ஆனால் மேடையில் நிற்பவருக்கு ஓர் இடர் உண்டு. விளக்கொளி அவர் கண்ணில் படுதலால், முதல் மூன்று நான்கு வரிசைகளுக்கு அப்பால் முகங்கள் தெரிவதில்லை. எனவே அவர் செவியால் குறிப்பறிய வேண்டியவராகிறார். சிரிப்பு எந்த மூலையிலிருந்து முதலில் எழுந்தது? ஒரே வீச்சாக எழுந்ததா, ஒருவர் தொடங்கப் பிறர் தொடர்ந்தனரா? எவ்வளவு நேரம் நின்றது? நாற்காலிகள் கிரீச்சிடுகின்றனவா? இருமல் மிகுகின்றதா? பழகிய செவிக்கு இவை யாவும் எழுத்துகள். கூர்ந்து கேட்கும் அமைதியிலும், பொறுமையிழந்த அமைதியிலும் சொல் இல்லை. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் மின்விசிறியின் ஓசை தெளிவாகக் கேட்கும். பின்னதில் உணவுத் தட்டின் ஓசை கேட்கும்.

நம் இளைஞர் முதலில் தொட்டது, அடுக்குமாடி வீடுகளில் பழுதாகி நிற்கும் மின்தூக்கி. எல்லாப் பக்கங்களிலிருந்தும் சிரிப்பு எழுந்தது. அடுத்து, கைப்பேசியில் இளைஞர் நடத்தும் காதலைப் பற்றிச் சொன்னார். சிரிப்பு வாயிலருகே மட்டும் எழுந்து, நடு மண்டபத்தை எட்டாமல் நின்றது. அதே பொருளில் இன்னும் இரண்டு மூன்று செய்திகள் அவர் வைத்திருந்தார் என்பது அவர் நின்ற நிலையிலிருந்தே தெரிந்தது. அவற்றை அப்படியே விட்டுவிட்டார். எழுதி வைத்ததைக் கைவிடும் துணிவே குறிப்பறிதலின் முதற்பயன். பாடக்குறிப்பில் எழுதியதை முடித்தே தீர்வேன் என்று நிற்கும் ஆசிரியர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

இடை தெரிதல்

அவையறிதலில் சொல்லின் நடை தெரிந்தோர் இடை தெரிந்து சொல்லவேண்டும் என்கிறார் வள்ளுவர். பரிமேலழகர் இடை என்பதற்குச் செவ்வி என்று பொருள் தருவார். அஃதாவது தக்க வேளை. தனியுரை நகைச்சுவையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

சிரிப்பு ஓர் அலை. எழும், முகட்டை அடையும், தணியும். எழும்போதே அடுத்த சொல்லைத் தொடங்கினால் அச்சொல் கேளாது போகும், சிரிப்பும் தடைப்படும். முழுதும் தணிந்தபின் தொடங்கினால் அவை குளிர்ந்துவிடும். அடுப்பை மறுபடியும் மூட்ட வேண்டும். முகடு கடந்து பாதி இறங்கும் அளவில் சொல்லெடுத்தல் வேண்டும். இந்த அளவு ஒவ்வோர் அவைக்கும் வேறு. முப்பது பேர் கூடிய சிற்றறையில் சிரிப்பு விரைந்து தணியும். பெரிய மண்டபத்தில் பின்வரிசைச் சிரிப்பு சற்றுப் பிந்தி மேடையை அடையும். ஆதலின் ஒரே உரையை இரண்டு இடங்களில் ஒரே வேகத்தில் சொல்லுதல் இயலாது. அச்சிட்டுப் படிக்கும்போது இவ்வுரைகள் சப்பென்று இருப்பதற்கும் இதுவே காரணம். அச்சில் இடை இல்லை.

அன்று இக்கலை உச்சத்தைத் தொட்ட இடம் ஒன்றுண்டு. முன்வரிசையில் வெள்ளைச் சேலை உடுத்த மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். இளைஞர் அவரை நோக்கி, 'பாட்டி, நீங்க எந்தத் தோட்டம்?' என்று கேட்டார். பாட்டி சற்றும் தயங்காமல், 'தோட்டமா? அது மேலதானே தம்பி இப்ப நீ வீடு கட்டிக் குடியிருக்கே!' என்றார்.

அரை நொடி அமைதி. பிறகு மண்டபம் அதிர்ந்தது. பள்ளத்தாக்கில் எத்தனையோ கித்தாத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின என்பதும், அங்கே பால் வெட்டியவர்கள் லயங்களை விட்டு வெளியேறினர் என்பதும் அங்கிருந்த எல்லோரும் அறிந்ததே. அறிந்த துயரத்தை அவ்வளவு எளிதாக எடுத்துக் காட்டியதனால் சிரிப்பு எழுந்தது. அவ்வேளையில் இளைஞர் செய்தது என்ன? ஒன்றும் செய்யவில்லை. ஒலிவாங்கியைத் தாழ்த்தினார், பாட்டியைப் பார்த்துத் தலைவணங்கினார், சிரிப்பு முழுவதையும் பாட்டிக்கே விட்டுக்கொடுத்தார். அலை இறங்கும்போது மெல்ல, 'அப்ப வாடகையைப் பாட்டிகிட்டதான் கொடுக்கணும்' என்றார். மறுபடியும் சிரிப்பு. நிகழ்ச்சியின் இறுதியில் விடைபெறும்போதும், 'பாட்டி, வாடகை அடுத்த மாதம்' என்று முடித்தார். முன்னர்ச் சொன்னதைப் பின்னர் எதிர்பாராத இடத்தில் எடுத்துரைக்கும் இவ்வுத்தி, அவையோரிடையே ஒரு குடும்ப உணர்வை உண்டாக்குகிறது. அன்று அங்கிருந்தவர்க்கு மட்டுமே அதன் பொருள் விளங்கும்.

அன்றைய மாலையின் மிகச் சிறந்த நகைச்சுவை நிகழ்த்தியவருடையதன்று, கேட்டவருடையது. அதை அறிந்து ஒதுங்கி நின்றதே அவருடைய கலை.

வெண்சுதையின் நிறம்

அறிவொளி உடையார் முன் தாமும் ஒளியுடன் விளங்கவேண்டும். அஃது இல்லார் முன் வெண்சுதையின் நிறத்தைக் கொள்ளவேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. பரிமேலழகர் அவையை மிகுதி, ஒப்பு, தாழ்வு என மூவகைப்படுத்துவார். இங்கு ஒரு தடை எழும். புலவர் தம் அவையைத் தேர்ந்துகொள்ளலாம். தகாத அவையில் மறந்தும் பேசாதிருக்கலாம். வள்ளுவரும் அதையே அறிவுறுத்துகிறார். நகைச்சுவையாளருக்கு அவ்வுரிமை இல்லை. வந்தவரே அவை, அவர்முன் பேசியே ஆகவேண்டும். மேலும் கம்போங் மேடான் போன்ற இடத்தில் மிகுந்தாரும் தாழ்ந்தாரும் தனித்தனியே அமர்வதில்லை. ஒருவரே ஒன்றில் மிகுந்தாராகவும் மற்றொன்றில் தாழ்ந்தாராகவும் இருக்கிறார். பெரட்டுக்களம், மங்கு, ஆயக்கொட்டகை, கங்காணி என்னும் சொற்களில் அந்தப் பாட்டி பேராசிரியர். கைப்பேசிச் செயலிகளில் மாணவி. அவருடைய பேரனுக்கோ நிலை நேர்மாறு.

இந்த இரு உலகங்களுக்கும் இடையே பாலமிடுவதே நகைச்சுவையாளரின் பணி. 'அந்தக் காலத்துல காலையில பெரட்டு. இந்தக் காலத்துல கைப்பேசியில முகத்தைக் காட்டி வருகைப் பதிவு. வராட்டி ரெண்டுலயும் சம்பளம் வெட்டு' என்று நம் இளைஞர் சொன்னபோது, பெரியவர் ஒரு பாதிக்கும் இளையவர் மறு பாதிக்கும் சிரித்தனர். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். பாட்டியின் காதில் பேரன் எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். பெரட்டு என்றால் என்ன என்று பாட்டியும் அவனுக்குச் சொல்லியிருப்பார்.

மொழிக்கலப்பைப் பற்றியும் ஒரு சொல். இவ்வுரைகளில் தமிழோடு மலாயும் ஆங்கிலமும் கலந்து வருவதைக் கண்டு தமிழாசிரியர் முகம் சுளிப்பது இயல்பே. எனக்கும் அவ்வருத்தம் உண்டு. ஆனால் எல்லாக் கலப்பும் ஒரு தன்மையதன்று. பசார் மாலாம், தே தாரிக் என்பவை அவ்வாழ்க்கையின் பெயர்கள். அவற்றை மொழிபெயர்த்துச் சொன்னால் அவை இருந்த இடத்தை விட்டுப் போய்விடும். கித்தா என்னும் சொல்லே மலாயிலிருந்து நம் தோட்டத்திற்கு வந்ததுதானே! அதை நீக்கிவிட்டால் பாட்டியின் பாதி வாழ்வு நீங்கும். ஆனால் தெரிந்த தமிழ்ச்சொல் நாவில் இருக்க, நினைக்கச் சோம்பி ஆங்கிலத்தைக் கொட்டுவது வேறு. நம் இளைஞர் இரண்டையும் செய்தார். முன்னது அவையறிதல், பின்னது அவையை மதியாமை. ஆங்கிலத் தொடர்கள் மிகுந்த அந்தப் பத்து நிமிடங்களில் முன்வரிசை முதியோர் மரியாதைக்காகப் புன்னகைத்தனர். மரியாதைப் புன்னகை நகைச்சுவையாளருக்கு வந்த எச்சரிக்கை; அதை அவர் அன்று கேட்கவில்லை.

மாற்றம் கூறுதல்

அவை அஞ்சாது மாற்றம் கூறுவதற்காகவே அளவைநூல் கற்கவேண்டும் என்கிறது அவையஞ்சாமை. மாற்றம் என்பது மறுமொழி. இடையில் குறுக்கிட்டுக் கத்துவோர் இக்கலையில் தவிர்க்க முடியாதவர். வாயிலருகே நின்ற ஒருவர், 'போதும் தம்பி, சாப்பாடு ஆறுது!' என்று குரல் கொடுத்தார். சினந்து அவரைச் சொல்லால் அடித்து வீழ்த்துவது எளிது. கையில் ஒலிவாங்கி இருப்பவருக்கே குரல் பெரிது. அவ்வாறு செய்தால் அவை ஒருமுறை சிரிக்கும். பிறகு அடுத்த அடி தனக்கோ என்று அஞ்சி வாய் மூடும். இளைஞர், 'அண்ணே, நானும் இன்னும் சாப்பிடல. ஒரு தட்டு எடுத்து வைங்க, அஞ்சு நிமிடத்துல வந்துடுறேன்' என்றார். குறுக்கிட்டவரே கைதட்டினார். தட்டும் எடுத்து வைத்தார்.

அஞ்சாமை என்பது அவையை வெல்லுதல் அன்று. அவையோடு சினம் கொள்ளாதிருத்தலே அஞ்சாமை. அஞ்சியவனே உரக்கப் பேசுகிறான். முதல் ஆண்டு வகுப்பறையில் நாம் எல்லோரும் இதைக் கற்றிருக்கிறோம்.

எள்ளல் இருவகை

இனிக் குறையைச் சொல்ல வேண்டும். தொல்காப்பியர் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு கூறினார். முதலில் வைத்தது எள்ளல். பேராசிரியர் அதை இரண்டாகப் பிரிப்பார்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் தான் எள்ளப்பட்டவழி நகுதல் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் இக்கலையின் அறம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பெர்க்சன், சிரிப்பதற்கு நெஞ்சம் சிறிது நேரம் மரத்துப் போகவேண்டும் என்றார். யார் நெஞ்சம் மரத்தது, யார் நெஞ்சம் வலித்தது என்று பார்ப்பது நகைச்சுவையாளரின் கடமை.

அன்று மிகப் பெரிய சிரிப்பு எழுந்தது எதற்கு என்று சொல்லட்டுமா? இரண்டாம் வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருந்த ஒரு பெண்மணியின் நிறத்தைப் பற்றிய ஒரு சொல்லுக்கு. நம் திரைப்படங்கள் நெடுங்காலமாகப் பழக்கிவிட்ட கேலி அது. மண்டபம் குலுங்கியது. அப்பெண்மணியும் வாயைப் பொத்திச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கீழே இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சிறிது நேரத்தில் அந்த நாற்காலி வெறுமையாக இருந்தது. விளையாட்டிற்காயினும் இகழ்ச்சி துன்பம் தரும் என்று பண்புடைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வது இதையே. சிரிப்பின் அளவை மட்டும் கேட்ட செவி அந்தக் கைப்பையைக் காணவில்லை. எண்ணிக்கை அளவுகோல் போதாது என்று தொடக்கத்தில் கூறியது இதனாலேயே.

மற்றொன்று இன்னும் நுட்பமானது. அலுவலக முகப்பில் மலாய் எழுத்தர் தமிழ்ப் பெயர்களைப் பலுக்கும் முறையை இளைஞர் நடித்துக் காட்டினார். பின்புறம் வெடிச்சிரிப்பு. ஆனால் முன்வரிசையில் சில தலைகள் திரும்பின. அங்கிருந்த மலாய் அயலாரின் முகத்தைப் பார்த்த பிறகே அவர்கள் சிரித்தனர். பிறர் முகத்தைப் பார்த்துவிட்டு எழும் சிரிப்பு இசைவு கேட்கும் சிரிப்பு. மலாய் நண்பரின் புன்னகை வந்தது; சற்றுப் பிந்தி வந்தது.

கம்போங் மேடானில் இஃது ஒரு சிறு செய்தியன்று. 2001 மார்ச்சுத் திங்களில் இப்பகுதியிலும் அண்டைக் குடியிருப்புகளிலும் நேர்ந்த இன மோதலில் ஆறு பேர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். அந்நாளில் கதவடைத்து வீட்டுக்குள் இருந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் இன்று ஒரே மண்டபத்தில் அமர்ந்து முறுக்கு உண்கின்றனர். அப்படி அமர்வது தானாக நிகழ்ந்ததன்று. பல ஆண்டுகளாக அண்டை அயலார் ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதித்து உண்டாக்கியது. அதை ஒரு கேலிக்காக இடர்ப்படுத்த எந்தக் கலைஞருக்கும் உரிமை இல்லை. அதற்காக, இன வேறுபாடுகளைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசாது மூடி வைத்த பானையில்தான் புழு வைக்கும்.

இளைஞர் திரும்பிய தலைகளைக் கண்டுகொண்டார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மண்டபம் இறுகியிருக்கும். 'இப்ப நான் அதே முகப்புல மலாய் பேசுறதைக் கேளுங்க' என்று சொல்லித் தம்முடைய மலாயை நடித்துக் காட்டினார். பாடப்புத்தக மலாயும் பாசார் மலாயும் குழம்பி, மூன்றாம் வாக்கியத்தில் தமிழில் வந்து விழுந்தது. இம்முறை முதலில் சிரித்தவர் அந்த மலாய் நண்பர். தமிழர் சிரிப்பு அவரைப் பின்தொடர்ந்தது. பேராசிரியர் சொன்ன இரண்டாம் வகை எள்ளல் அது. கேலி தன்னை நோக்கித் திரும்பியபோது மண்டபம் ஒன்றாயிற்று. கவின் ஜே போன்றோர் தம் பருத்த உடலையே முதலில் கேலிப்பொருளாக்குவதன் பயனும் இதுவே: கத்தியின் முனை யார் பக்கம் இருக்கிறது என்று அவைக்குக் காட்டிவிடுகின்றனர்.

முறிந்ததைச் செப்பனிட்டதற்கு அவரைப் பாராட்டுகிறேன். ஆனால் வரிசையை மாற்றியிருந்தால் முறிவே நேர்ந்திராது. முதலில் தன்னை எள்ளியவனுக்கு, பிறகு பிறரைச் சிறிது எள்ளவும் அவை உரிமை தரும்.

இரண்டாம் அவை

வள்ளுவர் காலத்தில் அவை கண்முன் இருந்தது. இன்று ஒவ்வொரு மண்டபத்துக்கும் இரண்டாம் அவை ஒன்றுண்டு. அது கைப்பேசிக்குள் இருக்கிறது. கோலாலம்பூரில் 2014இல் தொடங்கிய கிராக்ஹவுஸ் என்னும் நகைச்சுவை அரங்கில் 2022இல் நிகழ்ந்த ஒரு காட்சியின் காணொளி நாடெங்கும் பரவிற்று. சமயவுணர்வைப் புண்படுத்தியது என்ற குற்றச்சாட்டு எழுந்து, வழக்குகளும் தொடர்ந்து, முடிவில் மாநகராட்சி அவ்வரங்கின் உரிமத்தையே நீக்கியது. அந்நிகழ்ச்சியின் தகுதியையோ தீர்ப்பின் நீதியையோ ஆராய்வது இங்கு நோக்கமன்று. கலைஞர் கற்கவேண்டிய பாடம் வேறு. ஒரு சிலர் அமர்ந்த சிற்றறையில் சொன்ன சொல், முன்னும் பின்னும் அற்று, இடையும் தொனியும் இழந்து, அறியாத பல்லாயிரவர் முன் போய் நிற்கிறது. அந்த அவையின் முகத்தைக் கலைஞர் காணமுடியாது. அதன் அமைதியைக் கேட்கவும் முடியாது. அதற்கு மாற்றம் கூறவும் வழியில்லை.

இதற்கு என்ன செய்வது? காணாத அவைக்கு அஞ்சி எல்லாவற்றையும் மழுப்பினால், கண்ட அவைக்கு ஒன்றும் கிடையாது. மண்டபத்தில் இருப்பவர் மட்டுமே உலகம் என்று எண்ணினால் ஒரு நாள் இடர் வரும். என் கருத்து இது. இங்கு இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசும்போது, அவர் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு பேசவேண்டும். அவர் அங்கு அமர்ந்திருந்தால் சிரித்திருப்பாரா? குறைந்த அளவு, எழுந்து போகாமலேனும் இருந்திருப்பாரா? இவ்வினாவே இரண்டாம் அவையை அறியும் வழி. கம்போங் மேடானில் அந்த மூன்றாம் வரிசை உண்மையாகவே நிறைந்திருந்தது. ஆதலின் அவ்விளைஞர் நற்பேறு பெற்றவர். தவறு செய்த கணத்திலேயே முகங்கள் அவருக்குத் திருத்தம் சொல்லின. காணொளி பார்ப்பவர் அவ்வாறு சொல்வதில்லை.

ஆசிரியர்களுக்கு

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இக்கலையை ஒதுக்கவேண்டா என்பது என் வேண்டுகோள். நன்னூலார் மாணாக்கரை அன்னம், ஆ முதலாக எருமை, நெய்யரி ஈறாக வகைப்படுத்தினார். ஆசிரியர், கொள்பவன் எவ்வாறு கொள்கிறான் என்று தெரிந்து கற்பிக்கவேண்டும் என்றும் வகுத்தார். அதுவும் அவையறிதலே. அவையறிதலை மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவனை மூன்று நிமிடம் வகுப்பின் முன் நிறுத்தி, தன்னைப் பற்றியே ஒரு வேடிக்கையைச் சொல்லச் செய்யுங்கள். தோழர் முகங்களை அவன் பார்ப்பான். அமைதியின் இரு வகைகளையும் அறிவான். பிறரை எள்ளத் தொடங்கினால் நீங்கள் அங்கேயே நிறுத்தி, அந்தப் பிறர் முகத்தைப் பார்க்கச் சொல்லலாம். அவ்வதிகாரத்திற்கு அதைவிடச் சிறந்த உரை உண்டோ?

கலைஞருக்கும் ஒன்று சொல்வேன். சிரிப்பை எண்ணாதீர், நாற்காலிகளை எண்ணுங்கள். தொடக்கத்தில் நிறைந்திருந்த நாற்காலிகளில் எத்தனை முடிவிலும் நிறைந்திருந்தன என்று பாருங்கள். அன்று ஒன்று குறைந்தது. அந்த ஒன்று, எழுந்த எல்லாச் சிரிப்பையும்விடப் பெரிது.

பிறரோடு கலந்து மகிழ மாட்டாதவர்க்கு இப்பேருலகம் பகலிலும் இருளே என்று பண்புடைமை அதிகாரத்திலேயே வள்ளுவர் கூறுகிறார். இகழ்ச்சியைக் கடிந்த அதே அதிகாரத்தில் கூடிச் சிரித்தலைப் போற்றியது கருதத்தக்கது. ஒன்றை விலக்கினால்தான் மற்றொன்று நிற்கும். நிகழ்ச்சி முடிந்து உணவு மேசைக்கு எல்லோரும் சென்றபோது, அந்த மலாய் நண்பர் இளைஞரிடம் வந்து, அவருடைய மலாயைத் திருத்தி ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்தார். இளைஞர் அதைத் திரும்பச் சொன்னார், தவறாகவே சொன்னார். இருவரும் சிரித்தனர். அச்சிரிப்பைக் கேட்க அவை ஏதும் இல்லை. அன்றைய மாலையில் நான் கேட்ட சிரிப்புகளில் ஐயமற நல்லது அதுவே.